ஏழாம் எண் ஜன்னல்

கிட்டோவின் தெற்குப் பேருந்து நிலையத்தில்
பதினோரு வருஷமாக ஊர்களை விற்கிறேன்.
கண்ணாடியில் ஒரு வட்டத் துளை.
அதன் வழியே கசங்கிய டாலர் உள்ளே வரும்,
கடல் வெளியே போகும், காடு வெளியே போகும்.
நான் போனதில்லை.

இந்த முறை ஒன்பது நாள் விடுப்பு.
சாப்பாட்டு மேஜையில் வரைபடம்,
சுருண்டுகொள்ளாமலிருக்க மூலைகளில்
உப்பு ஜாடி, இரண்டு உருளைக்கிழங்கு,
க்ளெவரின் முழங்கை.

க்ளெவருக்குக் கடல் வேண்டும்.
காலை எட்டு மணிக்கே
வெங்காயம் மிதக்கும் மீன் சூப்பை
வேர்க்க வேர்க்கக் குடித்தால்தான்
விடுமுறை என்கிறான்.
அனாயிக்கு ஆமை வேண்டும்,
அவளைவிடப் பெரிய ஆமை.
தீவுக்கு பஸ் கிடையாது, விமானம்தான் என்றேன்.
"ஆமை மட்டும் எப்படிப் போச்சாம்?"

கணக்கு நோட்டில் தீவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி
கூட்டிப் பார்த்தேன்.
பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மடித்து
உருளைக்கிழங்குக்கு அடியில் வைத்தேன்.

வலது கையை விரித்து வரைபடத்தின் மேல் வைத்தால்
ஒரு சாண்தான் நாடு.
கட்டைவிரல் கடலில்,
சுண்டுவிரல் காட்டில்,
நடுவிரல் மட்டும் பனியில் விறைத்து நிற்கிறது.
ஒரு சாணுக்கு எத்தனை சட்டை எடுத்து வைப்பது?
கம்பளி, அதன் மேல் நீச்சல் உடை,
முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ்,
பூட்ஸுக்குள் கொசு மருந்து.
பையின் மேல் உட்கார்ந்தும் ஜிப் மூடவில்லை.

கடற்கரையிலிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட்
இந்த உயரத்துக்கு ஏறும்போது
பலூனாக உப்பியிருக்கும், பார்த்திருக்கிறேன்.
இங்கே வாங்கியது கீழே போனால்
சப்பிப்போய்விடுமாம், டிரைவர்கள் சொல்கிறார்கள்.
மனுஷருக்கு என்ன ஆகும் என்று
அவர்களும் சொன்னதில்லை.

தேனாவில் இருக்கும் நாத்தனாருக்கு போன் போட்டேன்.
மழையா அங்கே?
"மழையெல்லாம் இல்லை. தூறல்தான்."
எப்போதிலிருந்து?
"ஈஸ்டருக்கு முன்னாலிருந்து."

வியாழக்கிழமை மலை சரிந்து
காட்டுக்குப் போகும் சாலை மூடிற்று.
சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்,
"வழி அடைபட்டிருக்கு, நாளைக்கு வாங்க."
கோழிக்கூண்டோடு நின்ற ஒருவர்
கோபமே இல்லாமல் கேட்டார்:
"நாளைக்குன்னா எந்த நாளைக்கு?"
அடுத்தவர் என்று கூப்பிட்டேன்.
இரவு சுண்டுவிரலை
மேஜையிலிருந்து எடுத்துவிட்டுத் தூங்கினேன்.
காலையில் அது திரும்ப அங்கேயே இருந்தது.

சனிக்கிழமை, ஐந்தே கால்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன்.
இங்கிருந்து பார்த்தால் துளை இவ்வளவு தாழ்வா?
தெரியாமல் போயிற்று,
இத்தனை பேரைக் குனிய வைத்திருக்கிறேன்.
உள்ளே எல்வியா, என் நாற்காலியில்,
என் மெத்தையைப் போட்டுக்கொண்டு.
தலை நிமிராமல் கேட்கிறாள்: "எந்த ஊர்?"

நாக்கில் எல்லா ஊரும் வரிசையாக இருக்கின்றன,
புறப்படும் நேரத்தோடு, கட்டணத்தோடு.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
க்ளெவர் இருமுகிறான்.
அனாயி துளைக்குள் மூக்கை நுழைக்கிறாள்.
பின்னால் யாரோ 'ச்சு' கொட்டுகிறார்,
நான் பதினோரு வருஷம் கொட்டியது,
அதே சுருதியில்.
சாலை திறந்துவிட்டதா என்று கேட்கலாம்.
கடலில் இப்போது வெயிலா என்று கேட்கலாம்.
எனக்கு எது வேண்டும் என்றுகூட
இவளிடம் கேட்டுவிடுவேன் போலிருக்கிறது.

கை தானாக எழுந்து
விரிந்தபடி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

"அஞ்சு டிக்கெட்டா?" என்றாள் எல்வியா.

மூணு என்றேன்.